கிடங்கு கழுவிய கூலி

கப்பலில் வேலை பார்த்தவன் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. வெளிநாட்டு சோப்பு, சென்ட் பாட்டில், டேப் ரெக்கார்டர், இதைத்தான் நினைக்கிறார்கள். நிலக்கரி கொட்டி வைத்த இரும்புக் கிடங்குக்குள் இறங்கி, அறுபது அடிச் சுவரைச் சுரண்டிக் கழுவுகிற வேலையை எவனும் நினைப்பதில்லை. நான் போய்ப் பார்த்தது அந்த வேலையைத்தான். அதற்கு என்ன கூலி, கூலியைக் கேட்டதற்கு என்ன கூலி என்பதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. இன்னும் தெற்கே போனால் உப்பளம், கோடியக்கரை. எங்கள் தெரு சேரித்தெரு. எல்லாரும் மிராசுதார் நிலத்தில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். கோட்டையில் கழக ஆட்சி வந்துவிட்டது. எங்கள் தெருவில் செங்கொடி. மிராசுதார் மட்டும் எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கட்சி. அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்கு எங்கள் வட்டாரத்தில் வருஷக்கணக்காக அடிதடி நடந்தது. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். கோயில் குளத்தடியில் போலீஸ் வேன் நிற்கும்.

எங்கள் அப்பா சங்கத்தில் இருந்தார். எப்போது அரிவாளைக் கீழே வைப்பது என்பது அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் நன்றாகத் தெரியும். அறுப்பு தொடங்குவதற்கு முன்னால் வைத்தால் லாரி வரும். கட்டு களத்துக்குப் போன பிறகு வைத்தால் நெல் அவன் வீட்டுக்குள் போய்விட்டது, நம் கையில் ஒன்றும் இல்லை. குறுவை அறுப்பில், பாதி வயல் அறுத்து அரி அரியாகத் தரையில் கிடக்கும்போது, ஐப்பசி மேகம் கறுத்து நிற்கும்போது வைக்க வேண்டும். மழை விழுந்தால் கிடக்கிற நெல் முளைத்துவிடும். அன்று சாயந்திரமே தாசில்தார் சமரசம் பேச ஜீப்பில் வருவார். இரண்டு குறுவையில் எங்கள் தெரு இப்படித்தான் ஜெயித்தது.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. போலீஸ் வந்து "யார்ரா தூண்டிவிட்டது?" என்று கேட்டால் பேர் சொல்லக் கூடாது. "எல்லாருந்தாங்க" என்று சொல்ல வேண்டும். அடித்தாலும் அதேதான். பேர் சொன்னவன் வீட்டு நல்லது கெட்டதுக்குத் தெருவில் ஒருத்தரும் போக மாட்டார்கள். நான் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். கூலிச் சண்டையில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்போடுதான் கப்பலேறினேன்.

ஒரத்தநாட்டில் அரசாங்க விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். தெருக்காரர் ஒருவர் பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவரை நம்பிப் போய் இரண்டு வருஷம் அலைந்து சி.டி.சி. வாங்கினேன். அது கப்பல்காரனின் புத்தகம். போட்டோ ஒட்டி, மச்சம் முதற்கொண்டு எழுதியிருக்கும். ஒவ்வொரு கப்பலிலிருந்து இறங்கும்போதும் கேப்டன் அதில் ஒரு வரி எழுதுவார். திறமைக்கு ஒரு கட்டம், நடத்தைக்கு ஒரு கட்டம். இரண்டிலும் 'வெரி குட்' என்று முத்திரை விழ வேண்டும். வி.ஜி. என்போம். வி.ஜி. இல்லாமல் 'கருத்துச் சொல்ல விரும்பவில்லை' என்று எழுதினால் அது மரியாதையான கெட்ட வார்த்தை. அடுத்த கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பான். வேறு பக்கத்தைப் புரட்டவே மாட்டான்.

ஏஜெண்ட் ஆபீஸ் வரிசையில்தான் என் சிநேகிதனைப் பார்த்தேன். நாகூருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரன். தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும் திரும்பினான்.

"எந்த ஊருடா?"

"திருத்துறைப்பூண்டிக்குத் தெக்கே."

"வயக்காடா? சேத்துல நடந்த காலு டெக்குல வழுக்கும், பாத்துக்க."

"உங்க ஆளுங்களுக்கு வழுக்காதா?"

"வழுக்கினா தண்ணிதானே. நீந்திக்குவோம். உன்னைத்தான் தூக்கிட்டு வரணும்."

இரண்டு பேருக்கும் ஒரே கப்பல் கிடைத்தது. கப்பலின் கொடி ஒரு நாட்டுடையது. அந்த நாட்டுக்காரன் ஒருத்தன்கூடக் கப்பலில் இல்லை. முதலாளி கிரேக்கன் என்றார்கள். அவனையும் யாரும் பார்த்ததில்லை. மிராசுதாரையாவது குளக்கரையில் பார்க்கலாம். கேப்டன் கிரேக்கன், ஆபீசர்களும் அப்படியே. டெக் வேலைக்கு நாங்கள். எங்களுக்கு மேலே சாரங்கு, அதாவது டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. நாகூர் பாய் ஒருவர். முப்பது வருஷம் கடலில் கிடந்தவர். கேப்டன் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதைக் கேப்டனுக்கும் அவர்தான் மொழிமாற்றிச் சொல்வார்.

ஒப்பந்தம் ஒன்பது மாதம். மாற்று ஆள் வரவில்லை என்று அதைப் பதினொன்றாக்கினார்கள். ஓவர்டைம் எத்தனை மணி பார்த்தாலும் மாதத்துக்கு ஒரே கணக்குத்தான் எழுதுவார்கள். குளிக்கிற தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம். நிலக்கரி இறக்கிய நாளிலும் அவ்வளவுதான். அரிசியில் புழு இருக்கும். புழுவைப் பற்றிச் சொன்னால் சமையல்காரன், "சலிச்சுத்தான் போட்டேன், இது மிச்சம்" என்பான். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் அதுவும் கிடையாது. சம்பளம் மாதம் தவறாமல் வீட்டுக்குப் போனது. அது போதும் என்றுதான் இருந்தேன்.

ஒன்பதாவது மாதம் ஜப்பானில் நிலக்கரியை இறக்கினோம். அடுத்த சரக்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை. பத்து நாள் ஓட்டம். நிலக்கரி கிடந்த கிடங்கில் கோதுமையைக் கொட்ட வேண்டுமென்றால் அந்த இரும்பு, சோறு வடிக்கிற பானை மாதிரி இருக்க வேண்டும். அங்கே ஒரு பரிசோதகர் வருவார். அவர் பார்த்துச் சரி என்றால்தான் சரக்கு ஏறும். மொத்தம் ஐந்து கிடங்கு. எங்களில் ஆறு பேரைக் கிடங்குக்கு விட்டார்கள்.

நீள மூங்கில்களை ஒன்றோடொன்று கட்டி நுனியில் பிரஷ்ஷும் சுரண்டியும் வைத்து மேலே தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கரித்தூளும் துருவும் மூஞ்சியில் கொட்டும். மூக்குக்குத் துண்டைக் கட்டிக்கொள்வோம். சாயந்திரம் காறினால் கறுப்பாக வரும். பிறகு கடல் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவ வேண்டும். அதன் பிறகு நல்ல தண்ணீர். எங்களுக்குக் குளிக்கத் தராத நல்ல தண்ணீரில் சுவரைக் குளிப்பாட்டினோம். கிடங்கின் மூலையில் தண்ணீர் வடிகிற குழி இருக்கும். அதில் பழைய சரக்கெல்லாம் அழுகிக் கிடக்கும். அதை வாளியால் அள்ளி, கயிற்றில் மேலே ஏற்றிவிட்டு, குழியைத் துடைத்து, கோதுமை உள்ளே போகாமல் சாக்குத்துணி போட்டு மூட வேண்டும். கப்பல் ஆடிக்கொண்டே இருக்கும். ஒருத்தன் ஏணியில் வழுக்கினால் அறுபது அடி.

இந்த வேலைக்கு எல்லாக் கப்பலிலும் தனிக்கூலி உண்டு. ஒரு கிடங்குக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். எழுதாத வழக்கம். சாரங்கு பாய்க்கும் தெரியும். இரண்டு கிடங்கு முடித்து மூன்றாவதில் பாதி போனபோது, கூலியைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லி அவரை அனுப்பினோம். போய் வந்தார்.

"காண்டிராக்டுல இல்லைன்னு சொல்லிட்டாங்க தம்பி. வேலை நேரத்துல பாக்குற வேலைதானேங்குறாங்க."

ஐந்தில் இரண்டரை முடிந்திருக்கிறது, இரண்டரை கறுப்பாகக் கிடக்கிறது. பாதி அறுத்த வயல் என் கண் முன்னால் இருந்தது. இதுதான் நேரம் என்று ஆட்களிடம் சொன்னேன். என் சிநேகிதன் மட்டும் மூங்கிலைக் கீழே போடாமல் நின்றான்.

"இப்ப வேணாம்டா. கரை வரட்டும்."

"கரை வர்றதுக்குள்ள அஞ்சும் முடிஞ்சிடும். முடிச்ச வேலைக்கு எவன் குடுப்பான்?"

"நடுக்கடல்ல நிறுத்தினா அவன் எழுதுவான். கரையில நிறுத்தினா அவன் பேசுவான். அவ்வளவுதான் வித்தியாசம்."

"உங்க ஊருல என்னைக்காவது ஸ்டிரைக் பண்ணியிருக்கீங்களா?"

"மீன் விழுந்தா பங்கு, விழலைன்னா பட்டினி. யாருகிட்ட ஸ்டிரைக் பண்றது, கடலுகிட்டயா?"

"அப்ப வாய மூடு. இது எங்க தொழிலு."

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவன் மூங்கிலைச் சுவரில் சாய்த்துவைத்தான். "சரி வா, மேல போவோம்" என்று எங்களோடு ஏணியேறி வந்து டெக்கில் உட்கார்ந்தான்.

கேப்டன் கத்துவார், ஆட்களை அனுப்புவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் சோறு வந்தது. சாப்பிட்டோம். அதன் பிறகு ஒவ்வொருத்தராகக் கேப்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். கீழே கம்பளம் விரித்திருந்தது. என் கால்பட்ட இடமெல்லாம் கரி. மேஜையில் ஒரு பெரிய நோட்டு. அது கப்பலின் லாக் புத்தகம். அதில் எழுதினால் கப்பல் இருக்கிறவரை இருக்கும். கேப்டன் இங்கிலீஷில் படித்தார். சீஃப் ஆபீசர் சாட்சிக்கு நின்றார்.

"ஓடுற கப்பல்ல, சட்டப்படியான உத்தரவை மறுத்தாருன்னு எழுதியிருக்காங்க தம்பி" என்றார் சாரங்கு பாய். "பதில் சொன்னா அதையும் எழுதிக்குவாங்களாம். ஏதாவது சொல்றீங்களா?"

"கூலி குடுத்தா இறங்குறோம்னு சொல்லுங்க பாய்."

அதையும் எழுதினார்கள். எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். என்னமோ மனு கொடுத்த மாதிரி நிமிர்ந்துகொண்டு வெளியே வந்தேன்.

என் முட்டாள்தனம் எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. வயலில் அரிவாளை வைத்தால் நாம் நம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். நம் கஞ்சி, நம் தெரு. நஷ்டம் மிராசுதாருக்கு, மழை அவன் தலைக்கு மேலே. கப்பலில் நாங்கள் போக இடமில்லை. கேப்டன் சோற்றைத் தின்று கேப்டன் கட்டிலில் படுத்துக்கொண்டு ஸ்டிரைக் செய்தோம். கப்பல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சரக்குக்காரன் முதலாளிக்குக் கொடுக்கிற வாடகை அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கரைக்கு ஐந்து நாள் இருந்தது. அதுவரை முதலாளிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. தாசில்தார் எங்கிருந்து வருவார்? மூன்றாம் நாள் காலையில் எவனும் எவனையும் பார்க்காமல் ஏணியில் இறங்கினோம். இரண்டு நாள் சம்பளம் போனது. மீதி இரண்டரைக் கிடங்கையும் அவசரத்தில் கழுவினோம்.

ஆஸ்திரேலியாவில் பரிசோதகர் ஏறினார். வெள்ளை உடுப்பு, கையில் டார்ச். உத்தரத்தின் மேல்பக்கம் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். விரல் கறுப்பு. மூன்று கிடங்கு தேறவில்லை. கப்பலைத் துறைமுகத்தில் கட்டவிடாமல் வெளியே கொண்டுபோய் நங்கூரம் போடச் சொல்லிவிட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து கப்பலுக்கு வாடகை நின்றது. நிற்கிற ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நஷ்டம்.

மறுநாள் காலை சீஃப் ஆபீசர் நாங்கள் சாப்பிடுகிற அறைக்கே வந்தார். பத்து மாதத்தில் முதல் தடவை. உடனே இறங்கிக் கழுவ வேண்டும் என்றார். என் சிநேகிதன்தான் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"பாய், மாட்டோம்னு நாங்க சொல்லல. மாட்டோம்னு சொன்னா எழுதிடுவாரு. கூலி என்னன்னு கேட்டுட்டிருக்கோம், பதில் வந்ததும் எந்திரிச்சிடுவோம்னு மட்டும் சொல்லுங்க."

சாரங்கு பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் பக்கம் திரும்பி நின்று சொன்னார். அந்த ஊர்த் துறைமுகத் தொழிலாளர் சங்கம் பொல்லாதது. கூலிப் பிரச்னை என்று காதில் விழுந்தால் அந்தக் கப்பலில் ஒரு மணி கோதுமைகூட ஏற்ற மாட்டார்கள். கேப்டனுக்கும் அது தெரியும். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஐந்து கிடங்குக்கும் கூலி உறையில் வந்தது. இரண்டு நாளில் கழுவினோம். பரிசோதகர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கோதுமை ஏறிக்கொண்டிருந்தபோது சாரங்கு பாய் எங்கள் ஆறு பேரையும் உட்காரவைத்தார்.

"நடுக்கடல்ல நிறுத்துனது லாக்ல ஏறிடுச்சு, அதை அழிக்க முடியாதுங்குறாரு கேப்டன். தூண்டிவிட்டது ஒருத்தன்தான், அந்தப் பேரைச் சொன்னா மத்த அஞ்சு புக்குலயும் வி.ஜி. போட்டுக் குடுத்துடுறேன்குறாரு. இல்லாட்டி ஆறு புக்குலயும் போட மாட்டாராம். துறைமுகத்தை விட்டுக் கெளம்புறதுக்குள்ள சொல்லணும்."

நான் யோசிக்கவே இல்லை. "யாரும் பேர் சொல்லக் கூடாது. எங்க தெருவுல போலீஸ் அடிச்சாலும் அப்படித்தான். எல்லாருந்தான்னு சொல்லுவோம்" என்றேன். மற்ற நாலு பேரில் ஒருத்தனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். இன்னொருத்தனுக்கு அது முதல் கப்பல். ஒருத்தரும் பேசவில்லை. பேசாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, கயிறு கட்டுகிற இரும்புக் கட்டைக்கு நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது என் சிநேகிதன் வந்து பக்கத்தில் குந்தினான்.

"சொல்லிட்டேன்டா."

"என்னத்த?"

"உன் பேரை."

நான் பிரஷ்ஷை டப்பாவில் போட்டேன்.

"உங்க தெருவுல போலீஸ் அடிச்சா எல்லா முதுகும் பிரிச்சு வாங்கிக்கலாம். இது பிரியாதுடா. ஆறு புக்குலயும் முழுசா விழும். ஆறு வீட்டுலயும் அடுப்பு அணையும்."

"காட்டிக் குடுத்துட்டியேடா."

"நீயே போய்ச் சொல்லுவேன்னு ரெண்டு நாள் பாத்தேன். போகல நீ."

அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவன் என்னைவிடப் பலசாலி, வலை இழுத்த கை. திருப்பி அடிக்கவில்லை. "இன்னொன்னு வேணும்னாலும் அடி" என்றான். சாரங்கு பாய் ஓடிவந்து விலக்கினார். அதன் பிறகு கப்பலில் இருந்த நாள்வரை அவனும் நானும் பேசவில்லை. பம்பாயில் இறங்கும்போது அவன் புத்தகத்தில் இரண்டு கட்டத்திலும் வி.ஜி. என் புத்தகத்தில் திறமைக்கு வி.ஜி., நடத்தைக்கு 'கருத்துச் சொல்ல விரும்பவில்லை'.

அவனைப் பல வருஷம் திட்டினேன். காட்டிக் கொடுத்தவன் என்று ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். எங்கள் அப்பாவிடமும் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "கேட்டது உன் பேரைத்தானே, அத நீயே சொல்ல வேண்டியதுதானே" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அடுத்தவனைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான் தெருவில் அந்தக் கட்டுப்பாடு. நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. அதற்காகக் கேப்டனை நல்லவன் என்று சொல்ல மாட்டேன். கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்திருந்தால் எவன் பேரும் தேவைப்பட்டிருக்காது.

எட்டு மாதம் ஊரில் இருந்தேன். அதற்குள் கூலி எங்கள் பக்கத்தில் கூடியிருந்தது. குடியிருந்த மனைக்குப் பட்டா கொடுத்திருந்தார்கள். மிராசுதார் டிராக்டர் வாங்கி நாலில் ஒரு பங்கு ஆளுக்கே வேலை கொடுத்தார். குறுவை அறுத்தேன், சம்பா நட்டேன். மறுபடி பம்பாய். நாலு ஏஜெண்ட் புத்தகத்தைத் திறந்து பார்த்து மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தன்கூட ஏன் என்று சொல்லவில்லை.

ஐந்தாவது ஆள், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ். கட்டத்தைப் பார்த்தான். சிரித்தான்.

"என்ன தகராறு?"

"கூலி கேட்டோம்."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்ப சந்தோஷந்தானே. சம்பளம் மூணுல ஒரு பங்கு கம்மி. பன்னெண்டு மாசம். சம்மதம்னா நான் அந்தக் கட்டத்தைப் பாக்கல."

கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு நான் பார்த்த வேலையெல்லாம் அந்த மேஜை கொடுத்ததுதான். நடத்தைக் கட்டம் கெட்டவனுக்கென்று ஒரு தனிக்கூலி இருப்பதும், அவனை மட்டுமே தேடி எடுக்கிற கப்பல்கள் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாய் திறக்க மாட்டான் என்று தெரிந்துதான் எடுக்கிறார்கள்.

பிற்பாடு அப்படி ஒரு கப்பலில் ஏழு கிடங்கு. உரம் இறக்கினோம், அடுத்தது அரிசி. கழுவ விட்ட ஆட்களில் பாதிப் பேருக்குப் புத்தகம் என்னுடையது மாதிரிதான். மூன்றாவது கிடங்கு முடிந்ததும் ஒருத்தன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மத்த கப்பல்ல இதுக்குத் தனியா குடுப்பாங்கல்ல?" என்று பொதுவாகக் கேட்டான். கப்பல் ஒரு கரையில்தான் நின்றிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், வயசில் மூத்தவன் நான்தான்.

நான் மூங்கிலை எடுத்துக்கொண்டு நாலாவதில் இறங்கினேன்.